வெள்ளைமூஞ்சி எழுந்திருக்காத ஷாட்

உதவி இயக்குநராகச் சேர்ந்த முதல் நாளே உங்கள் கையில் ஒரு வாக்கி டாக்கியைத் திணித்திருப்பார்கள். அடுத்த அரை மணி நேரத்தில் ஒரு திட்டும் விழுந்திருக்கும். திட்டியவர் பெரும்பாலும் இணை இயக்குநராக இருப்பார். முப்பத்தோரு வருடம் அந்த வேலையைச் செய்துவிட்டு, இப்போது திட்டுவதற்கு ஆள் இல்லாமல் அரூரில் வீட்டோடு இருக்கிறேன். புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரச் சொல்லிச் சங்கத்தில் கேட்டார்கள். ஷெட்யூல் போடுவது, கால்ஷீட் கேட்பது, நூறு பேருக்கு நேரத்துக்குச் சாப்பாடு வரவழைப்பது எல்லாம் இரண்டு படத்தில் உங்களுக்கே படிந்துவிடும். அதற்கு என் உதவி தேவையில்லை.

ஓடிக்கொண்டிருக்கும் ஒரு ஷாட்டை எப்போது நிறுத்த வேண்டும் என்பது மட்டும் எனக்குப் படியவில்லை. முப்பதாவது வருடத்தில்தான் அது எனக்குப் புரிந்தது. அதுவும் ஒரு கொலைகாரப் படத்தின் இரண்டாம் பாகத்தில், ஒரு பெண் என் கையை உதறிய பிறகு. அதைத்தான் எழுதுகிறேன்.

அந்தப் படத்தின் முதல் பாகத்தை உங்களில் சிலர் பார்த்திருக்கலாம். மலை மேல் ஒரு பங்களா, பனி, ஓயாத மழை. கறுப்பு ரெயின்கோட்டும் வெள்ளை ரப்பர் முகமூடியும் போட்ட ஒருவன் அரிவாளோடு வந்து, அங்கே தங்கியிருப்பவர்களை எல்லாம் தீர்த்துக்கட்டுவான். எத்தனை முறை அடித்துப் போட்டாலும் எழுந்து வருவான். படம் ஓடிவிட்டது. ஓடினால் இரண்டாம் பாகம் எடுக்க வேண்டும் என்பது நம் தொழிலின் சட்டம்.

இரண்டாம் பாகத்துக்கு வந்த இயக்குநருக்கு முப்பது வயதுகூட இருக்காது. பேய்ப்படம், கொலைப்படம் என்றால் சோறு தண்ணீர் மறந்துவிடுவார். அதனாலேயே அந்தப் படங்களைக் கிண்டல் செய்யும் உரிமை தனக்கு இருப்பதாக நினைத்தார். அவர் கதையில் வருகிற எல்லோரும் முதல் பாகத்தைப் பார்த்தவர்கள். "நீ போய்ப் பாத்துட்டு வா" என்று சொன்னால், போன பாகத்தில் பார்க்கப் போனவள் திரும்பவில்லை, நான் போக மாட்டேன் என்று உட்கார்ந்துகொள்வார்கள். செல்போனில் டவர் முழுதாக இருக்கும். இத்தனை டவர் இருந்தால் எப்படிச் சாவது என்று ஒருத்தி அழுவாள். எழுதியதைப் படித்துவிட்டு நான் என் அறையில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். சாதாரணமாக நான் சிரிக்கிற ஆள் இல்லை.

அவருடைய பெரிய கிண்டல் வேறு. பனியும் இருட்டும் இருந்தால் எந்தக் கொலைகாரனும் பயமுறுத்திவிடுவான், பட்டப்பகலில், வெயிலில், நாற்பது பேர் வேடிக்கை பார்க்கிற ஊரில் அவன் என்ன செய்வான் என்று கேட்டார். அப்படி ஓர் இடம் வேண்டும் என்றதும் நான் என் ஊர்ப் பக்கத்தைச் சொன்னேன். பாப்பிரெட்டிப்பட்டியைத் தாண்டி, சித்தேரி மலை அடிவாரத்தில் ஒரு மாந்தோப்பு. தோப்புக்கு நடுவில் முன்பு பட்டுப்புழு வளர்த்த ஒரு தகரக் கொட்டகை சும்மா கிடந்தது. ஒரு பிஞ்சுகூடக் கீழே விழக்கூடாது என்ற நிபந்தனையோடு தோப்புக்காரர் இடத்தைக் கொடுத்தார். ஏப்ரல் மாதம். காலை ஒன்பது மணிக்கே நிழலைத் தேடி நாய் நகர்ந்துகொண்டிருந்தது.

முதல் பாகத்தின் ரெயின்கோட்டைக் கொலைகாரன் கழற்றவே இல்லை. கழற்றினால் ரசிகர்களுக்கு அடையாளம் தெரியாது. அதையும் இயக்குநர் ஒரு கிண்டலாக்கி வைத்திருந்தார். கொலைகாரன் யாரைத் துரத்தினாலும் அவர்கள் ஓடிக்கொண்டே, "இந்த வெயில்ல ரெயின்கோட்டா, உனக்கு வேர்க்கலையா" என்று கேட்பார்கள். ஒத்திகையில் இந்த வசனம் வரும்போதெல்லாம் யூனிட்டே சிரிக்கும். நானும் சிரித்தேன். அந்தக் கோட்டுக்குள் ஒரு மனிதர் இருக்கிறார் என்பது எங்கள் யாருக்கும் அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

அவர் பெயர் மாதேஷ். முதல் பாகத்தில் முகமூடி போட்ட சண்டைக் கலைஞர் வேறு படத்தில் இருந்தார். முகம் தெரியாத வேடம்தானே, உயரம் இருந்தால் போதும் என்று உள்ளூரில் தேடினோம். மாதேஷ் லோடு ஆட்டோ ஓட்டுபவர். ஆறடிக்கு மேல் உயரம், கபடி ஆடிய தோள். கேட்டதும் ஒத்துக்கொண்டார். யூனிட் அவரை வெள்ளைமூஞ்சி என்று கூப்பிட்டது. அவர் அதற்கும் சிரிப்பார், முகமூடிக்குள் சிரிப்பது யாருக்குத் தெரியும்.

அவரிடம் ஒரே குறை, சும்மா இருக்க மாட்டார். நின்றால் கால் ஆடும், உட்கார்ந்தால் தொடை ஆடும். கொலைகாரன் அசையாமல் நின்று வெறிக்க வேண்டிய ஷாட்டுகளில் ஒவ்வொன்றுக்கும் ஐந்தாறு டேக் போனது. தினமும் திட்டினேன். ஒரு திட்டுக்கும் அவர் முகம் சுளித்ததில்லை. "இன்னொருக்கா எடுங்க சார், இந்தவாட்டி கட்டுப்படுத்திக்கறேன்" என்பார்.

முகமூடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கண்ணைச் சுற்றியும் கழுத்திலும் பசை போட்டு ஒட்டுகிற ரப்பர் அது. போட நாற்பது நிமிடம், எடுக்க இருபது நிமிடம். மூக்குக்கு இரண்டு ஓட்டை உண்டு, வாய்க்கு வழியே கிடையாது. கையில் இருந்தது ஒன்றே ஒன்று. மாற்று முகமூடி செய்து வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். அதனால் காலையில் ஒட்டினால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எடுப்போம். தண்ணீர் அதிகம் குடித்துவிட்டு வராதே, நடுவில் ஒன்றுக்குப் போக வேண்டுமென்றால் கோட்டைக் கழற்ற அரை மணி நேரம் போய்விடும் என்று அவரிடம் முதல் நாளே சொல்லி வைத்தவன் நான்தான். அதை எனது சாமர்த்தியம் என்று நினைத்திருந்தேன்.

நான்காம் நாள் கிளைமாக்ஸ். கொட்டகையின் தகரக் கூரையில் அங்கங்கே ஓட்டை. உச்சி வேளையில் அந்த ஓட்டைகள் வழியாக வெளிச்சம் குச்சி குச்சியாக இறங்கும். ஒளிப்பதிவாளர் அதற்காகக் காத்திருந்தார். பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரைதான் அந்த வெளிச்சம். அதற்குள் ஒரே ஷாட்டாக முழுக் காட்சியையும் எடுத்துவிட வேண்டும்.

காட்சி இதுதான். நான்கு பேர் சேர்ந்து வெள்ளைமூஞ்சியை அடித்து வீழ்த்திவிட்டார்கள். இது போன்ற படத்தில் செத்த மாதிரிக் கிடப்பவன் எழுந்துவிடுவான் என்று நால்வருக்கும் தெரியும். அதனால் யாரும் கிட்டே போவதில்லை. முதுகைக் காட்டினால் எழுந்துவிடுவான், முதுகைக் காட்டாதே என்கிறான் ஒருவன். கயிறு போட்டுக் கட்டலாம் என்கிறாள் ஒருத்தி. கயிறு எடுக்க யார் தனியாகப் போவது, எல்லோரும் சேர்ந்து போனால் இவனை யார் பார்ப்பது என்று சண்டை. கடைசியில் அலுத்துப்போய் ஒருவன், "செத்துட்டான், வாங்க போலாம்" என்கிறான். அந்த "போலாம்" காதில் விழுந்ததும் வெள்ளைமூஞ்சி எழுந்து அவன் காலைப் பிடிக்க வேண்டும்.

முதல் டேக்கில் மாதேஷின் கால் விரல் ஆடியது. இரண்டாவதில் மார்பு பொம்மென்று ஏறி இறங்கியது. மூன்றாவதில் இருமினார். மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. ஒளிப்பதிவாளர் கூரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நான் போய் மாதேஷ் பக்கத்தில் குந்தினேன். அவர் கையை வாய்ப்பக்கம் கொண்டுபோய்த் தண்ணீர் என்று சைகை செய்தார். முகமூடியோடு குடிக்க முடியாது என்பது அவருக்கும் தெரியும். எடுத்துவிடச் சொல்லிக் கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

"இன்னும் ஒரே டேக் மாதேசு. நீ பொணம். பொணம் மூச்சு வுடாது. இந்தவாட்டி அசைஞ்சின்னா அத்தன பேரும் உன்னாலதான் நாளைக்குத் திரும்பி வரணும்" என்றேன்.

வெள்ளை முகம் ஒருமுறை மேலும் கீழும் ஆடியது. நான் எழுந்து கேமராவுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

நான்காவது டேக்கில் அவர் அசையவே இல்லை. நான்கு நாட்களில் முதல் முறையாக அந்த மனிதர் ஒரு மரத்துண்டு போலக் கிடந்தார். நடிகர்கள் நால்வரும் உச்சத்தில் இருந்தார்கள். எனக்கு ஒரே பெருமை. என் திட்டு வேலை செய்துவிட்டது என்று நினைத்தேன். அதை இப்போது எழுதும்போதும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

"செத்துட்டான், வாங்க போலாம்" என்ற வசனம் வந்தது. வெள்ளைமூஞ்சி எழவில்லை.

நல்ல நடிகர்கள் இந்த மாதிரி நேரத்தில் கேமராவைப் பார்க்க மாட்டார்கள். சொன்னவர் இரண்டு அடி நடந்தார், நின்றார், திரும்பிப் பார்த்தார். "போலாம்னு சொன்னேன்" என்றார் பிணத்திடம். பக்கத்தில் இருந்த நடிகை, இந்நேரம் எழுந்திருக்கணுமே, முதுகை ஒழுங்காகக் காட்டினாயா என்று கேட்டார். நால்வரும் திரும்பி நின்று முதுகைக் காட்டினார்கள். எழவில்லை. ஒருவர் காலை அவர் கைக்கு எட்டுகிற தூரத்தில் நீட்டி வைத்தார். இதில் ஒரு வரிகூட எழுதப்பட்டதில்லை. இயக்குநர் மானிட்டருக்கு முன் வாயைப் பொத்திக்கொண்டு, தொடரட்டும் என்று கையைச் சுற்றிக் காட்டினார். சவுண்ட் எடுப்பவர் தோள் குலுங்கியது. மொத்தக் கொட்டகையும் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது.

நான் எங்கே பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதைச் சொல்லாமல் விட்டால் இதை எழுதிப் பிரயோஜனமில்லை. நான் மாதேஷைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுதான் என் வேலை. காலையிலிருந்து முகமூடியின் கழுத்து ஓரத்தில் வியர்வை சொட்டிக்கொண்டே இருந்தது, மூன்றாவது டேக் வரை சொட்டியது, இப்போது சொட்டவில்லை. அதைப் பார்த்தேன். அரிவாளைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்து பிடி நழுவித் தரையில் படுத்தது. அதையும் பார்த்தேன். பரவாயில்லையே, நுணுக்கமாகச் செய்கிறாரே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உள்ளே எங்கோ ஒரு மூலையில் வேறு ஏதோ தட்டியது. ஆனால் "கட்" சொல்லும் உரிமை இயக்குநருக்குத்தான் என்ற பழக்கம் முப்பது வருடமாக ரத்தத்தில் ஊறியிருந்தது. அப்படிப்பட்ட ஒரு டேக் வாழ்நாளில் ஒருமுறைதான் வரும் என்பதும் எனக்குத் தெரியும். நின்றேன். சும்மா நின்றேன்.

கொட்டகைக்கு ஜன்னல் கிடையாது, பக்கவாட்டில் கம்பி வலைதான். அந்த வலைக்கு வெளியே ஊர்க்காரர்கள் சத்தம் போடாமல் பார்க்கலாம் என்று விட்டிருந்தோம். மாதேஷின் மனைவி சுமதியும் அங்கே நின்றிருந்தார். அன்றுதான் முதல்முதலாகப் படப்பிடிப்புப் பார்க்க வந்திருந்தார். அவர் எப்போது வாசல் பக்கம் வந்தார், லைட் ஸ்டாண்டுகளுக்கு நடுவில் எப்படி நுழைந்தார் என்று யாரும் கவனிக்கவில்லை. சத்தமே இல்லை. வெறுங்காலோடு நேராக ஃப்ரேமுக்குள் நடந்தார்.

நான் பாய்ந்து அவர் கையைப் பிடித்து இழுத்தேன். ஷாட் போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை.

"இவரு வூட்டுல தூங்கறப்பகூட ஒரு எடத்துல கெடக்க மாட்டாருங்க. உருண்டுகிட்டே இருப்பாரு. கைய உடுங்க."

என் கையை உதறிவிட்டுப் போய், தரையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகமூடியைப் பிய்க்க ஆரம்பித்தார். அது வரவில்லை. அந்த இடத்தில்தான் சிரிப்பு நின்றது.

அதற்குப் பிறகு நடந்ததில் நான் கொஞ்சம் மனிதனாக நடந்துகொண்டேன். மேக்கப்காரர் பசை கரைக்கும் மருந்தை எடுக்க ஓடினார். இருபது நிமிட வேலை அது. கத்தரிக்கோல் கேட்டேன். இருப்பது ஒரே முகமூடி என்று அவர் ஒரு நொடி தயங்கினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், நான் இரண்டு நிமிடம் தயங்கியவன். லைட்காரரிடம் இருந்த கட்டரை வாங்கி, காதோரத்திலிருந்து உச்சிவரை கிழித்தேன். உள்ளே முகம் செங்கல் போலச் சிவந்து, ஒரு பொட்டு ஈரம் இல்லாமல் காய்ந்திருந்தது. தொட்டால் சுட்டது. கண் பாதி திறந்திருந்தது, ஆனால் பார்வை இல்லை. மூச்சு மட்டும் சிறுசிறு துண்டாக வந்துகொண்டிருந்தது. கோட்டைக் கிழித்தோம். புழுதி அடங்கத் தெளிப்பதற்காக நின்ற டேங்கர் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றினோம். நினைவில்லாதவருக்குப் புரை ஏறிவிடும் என்று, வாயில் ஊற்றப் போன ஒருவரைத் தடுத்தேன். ஈரச் சாக்கில் போட்டுத் தூக்கிக்கொண்டு வேனுக்கு ஓடினோம்.

தோப்பு வாசலில் கூட்டம். ரத்தச்சாயம் பூசிய உடம்பை நான்கு பேர் தூக்கிக்கொண்டு ஓடிவருவதைப் பார்த்ததும் கை தட்டினார்கள். செல்போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு பாதையை மறித்து நின்றார்கள். நிஜம் என்று கத்தினேன். நான்கு நாளாக அந்தப் படத்தில் எல்லோரும் அதையேதான் கத்திக்கொண்டிருந்தார்கள், யார் நம்புவார்கள். பின்னால் சுமதி வந்தார். அவர் முகத்தைப் பார்த்த ஊர்ப் பெண்கள் இரண்டு பேர் சட்டென்று விலகி, மற்றவர்களைப் பிடித்துத் தள்ளினார்கள். வழி கிடைத்தது.

தாலுகா ஆஸ்பத்திரியில் முதலுதவி செய்து தருமபுரிக்கு அனுப்பினார்கள். அங்கே பணியில் இருந்த டாக்டரம்மா சின்ன வயதுக்காரர். வெயிலில் நிலைகுலைந்தவருக்கு வியர்வை நின்றுபோன பிறகு ஒவ்வொரு நிமிடமும் முக்கியம் என்று சொல்லிவிட்டு, எங்களைப் பார்த்து, வியர்வை எப்போது நின்றது, யாருக்காவது தெரியுமா என்று கேட்டார். எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்குத் தெரியும். மூன்றாவது டேக்குக்கும் நான்காவது டேக்குக்கும் நடுவில் என்று துல்லியமாகச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். சுமதி பக்கத்தில்தான் நின்றிருந்தார். பார்த்துக்கொண்டா இருந்தீங்க என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

இரண்டு நாள் யாருக்கும் எதுவும் உறுதியாகத் தெரியவில்லை. மூன்றாம் நாள் காலையில் மாதேஷ் கண் திறந்து மனைவியை அடையாளம் கண்டுகொண்டார். சூட்டில் பாதிக்கப்பட்டிருந்த சிறுநீரகமும் தேறிவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நடிக்கிறவரைத் தண்ணீர் குடிக்க விடுங்கள் என்று உங்களுக்கு ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போயிருப்பேன். அன்று சாயங்காலம் இயக்குநர் என்னைத் தன் லாட்ஜ் அறைக்குக் கூப்பிட்டார். எடிட்டரும் ஒளிப்பதிவாளரும் அந்த நான்கு நடிகர்களில் இருவரும் இருந்தார்கள். நான்காவது டேக்கைப் போட்டுக் காட்டினார்கள். சுமதி ஃப்ரேமுக்குள் வருவதற்கு முன்னால் வெட்டியிருந்தார்கள்.

உண்மையைச் சொல்கிறேன், பிரமாதமாக இருந்தது. என் முப்பது வருடத்தில் அதைவிடச் சிரிப்பான ஒரு ஷாட்டை நான் நின்று பார்த்ததில்லை. அறையில் எல்லோரும் சிரித்தார்கள், சிரித்துவிட்டுக் கொஞ்சம் சங்கடப்பட்டார்கள். இயக்குநர் கெட்டவர் இல்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு இரவும் பெஞ்சில் படுத்திருந்தவர். அவர் என்னிடம் மெதுவாகப் பேசினார். ஆள் பிழைத்துவிட்டார், யாருக்கும் தெரியப் போவதில்லை, படத்தின் உயிரே இந்த ஷாட்தான், மாதேஷ் சரி என்று சொன்னால் வைத்துக்கொள்ளலாம், நீங்கள் ஊர்க்காரர், நீங்களே கேளுங்கள் என்றார்.

கேட்கப் போனேன். மாதேஷுக்குக் கையில் ஊசி ஏறிக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அவர் கேட்டார்.

"நான் அசையவே இல்லியாமே சார். சீன் நல்லா வந்துச்சுங்களா?"

நன்றாக வந்திருக்கிறது என்றேன். அந்த ஷாட்டைப் படத்தில் வைக்கலாமா என்று கேட்கத்தான் வந்தேன் என்றும் சொன்னேன். "இதக் கேக்கணுமா சார், தாராளமா வெச்சுக்கோங்க" என்றார். முகம் பூரித்துப்போயிற்று. கட்டிலுக்கு அந்தப் பக்கம் சுமதி ஆரஞ்சுப் பழத் தோலை உரித்துக்கொண்டிருந்தார். நான் கிளம்பும்போது வாசல் வரை கூட வந்தார்.

"அவரு சொல்லிட்டாரு, வெச்சுக்கோங்க சார். நான் ஒண்ணும் சொல்லல. ஆனா எங்க பாப்பாவ அவரு தேட்டருக்குக் கூட்டிட்டுப் போவாரு. அது சிரிக்கும். நான் பக்கத்துல உக்காந்து பாத்துகிட்டு இருக்கணுமில்ல."

அவ்வளவுதான் சொன்னார். உள்ளே போய்விட்டார்.

லாட்ஜுக்கு நடந்தே போனேன். மாதேஷ் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒரு பொய் சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. எங்கள் தொழிலில் பொய் சொல்லத் தெரியாதவன் இரண்டு படம் தாங்க மாட்டான், எனக்கு நன்றாகவே வரும். ஆனால் அந்தப் பொய்யைச் சொன்னால் பழி மாதேஷ் மேல் விழும், என் மேல் விழாது. நான்காவது டேக்கில் விழுந்தது போதும் அவருக்கு.

இயக்குநரிடம், மாதேஷ் சரி என்று சொல்லிவிட்டார், நான் சரி என்று சொல்லவில்லை என்றேன். அவருக்குப் புரியவில்லை. அந்த ஷாட்டை மறுபடி போடச் சொன்னேன். நடிகர்களைப் பார்க்காதீர்கள், கையை மட்டும் பாருங்கள் என்று திரையில் விரலை வைத்துக் காட்டினேன். போலாம் என்ற வசனத்துக்கு முன்பே சுண்டு விரல் விரிகிறது. அடுத்து மோதிர விரல். அரிவாளின் பிடி சாய்கிறது. அங்கே ஒரு மனிதருக்கு நினைவு போகிறது. நான்கு பேர் வசனம் பேசிக்கொண்டிருக்கிறார்கள், அவர்களுக்குத் தெரியாது. நீங்கள் மானிட்டரில் நடிகர்களைத்தான் பார்த்தீர்கள். எனக்குத் தெரிந்தது. நான் ஆறடி தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டரம்மாவிடம் வியர்வையைப் பற்றி மட்டும்தான் சொன்னேன், விரலைப் பற்றி இதுவரை யாரிடமும் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன் என்றேன். இதை வைத்துக்கொள்வதாக இருந்தால் டைட்டிலில் என் பெயர் வேண்டாம் என்றும் சொன்னேன்.

எடிட்டர் ஷாட்டை இன்னொருமுறை ஓட்டினார். அதே வசனம், அதே முதுகைக் காட்டும் வேடிக்கை. அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை. இயக்குநர் கை நீட்டித் திரையை அணைத்தார். பிறகு, "இனிமே என்னாலயும் கையத்தான் பாக்க முடியும்ணா" என்றார். மறுபடி எடுக்கத் தேதி பார்க்கச் சொன்னார்.

ஒரு மாதம் கழித்து மாதேஷ் தேறி வந்த பிறகு எடுத்தோம். காலை ஏழு மணிக்கு. பின்னால் ஜிப் வைத்த முகமூடி, நொடியில் கழற்றலாம். கோட்டுக்கு முதுகுப் பக்கம் துணியே இல்லை. சுமதியை வலைக்கு வெளியே நிறுத்தாமல் எனக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். எப்போது வேண்டுமானாலும் நீங்கள் நிறுத்தலாம், யாரையும் கேட்க வேண்டாம் என்றேன். அவர் சிரித்துவிட்டு, கையில் ஒரு தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வெளிச்சம் குச்சி குச்சியாக இறங்கவில்லை. நடிகர்கள் அன்று தானாக வந்ததைத் திரும்பச் செய்து பார்த்தார்கள், பாதிதான் வந்தது. மாதேஷ் சரியான நேரத்தில் எழுந்து காலைப் பிடித்தார். அதற்கு முன்னால் அவர் பாதம் ஆடிக்கொண்டேதான் இருந்தது. எட்டு டேக். நான் ஒருமுறைகூடத் திட்டவில்லை.

படத்தில் செத்தவராக நடித்தவர் செட்டை விட்டுப் போகும் முன் கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போக வேண்டும் என்று நம்மிடம் ஒரு வழக்கம் உண்டு, பார்த்திருப்பீர்கள். எல்லா மூடநம்பிக்கையையும் கிண்டல் செய்த படம் அது. ஆனாலும் ஷாட் முடிந்ததும் ஒளிப்பதிவாளர் கேமராவை அணைக்கவில்லை. மாதேஷ் முகமூடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். வழக்கத்துக்கு ஒருமுறை சிரித்தால் போதும். ஒளிப்பதிவாளர், நினைவிழந்து கிடந்த அன்றைக்கு ஒன்று, இன்றைக்கு ஒன்று என்று இரண்டு தடவை சிரிக்க வைத்தார்.

அதன் பிறகு நான் வேலை செய்த கடைசிப் படத்தில் ஒரு பழக்கம் கொண்டுவந்தேன். முகம் மறைந்து நடிக்கிறவர் யாராக இருந்தாலும், அவரை மட்டும் பார்ப்பதற்கு ஒரு ஆள். அந்த ஆளுக்கு வேறு வேலை கிடையாது. இயக்குநரைக் கேட்காமல் ஷாட்டை நிறுத்தலாம். தவறாக நிறுத்தினால் யாரும் திட்டக்கூடாது. உங்கள் செட்டில் இந்த வேலையை உங்களிடம் கொடுத்தால், சின்ன வேலை என்று நினைக்காதீர்கள். நான் முப்பது வருடம் பெரிய வேலை பார்த்தவன், அந்தச் சின்ன வேலையில் தோற்றேன்.

படம் வெளிவந்தது. சுமாராக ஓடியது. இரண்டாம் பாதி முழுக்க நன்றாக வந்து, கிளைமாக்ஸில் சிரிப்பு எடுபடவில்லை என்று பலரும் எழுதினார்கள். இயக்குநர் அதற்கு எங்கேயும் பதில் சொல்லவில்லை. அவர் மேல் எனக்கு இருக்கிற மரியாதை அதனால்தான்.

தருமபுரியில் ஒரு தியேட்டரில் மாதேஷ் குடும்பத்தோடு நானும் பார்த்தேன். சுமதி, மகள், மாதேஷ், நான் என்ற வரிசையில் உட்கார்ந்திருந்தோம். கிளைமாக்ஸ் வந்தது. நால்வரும் பிணத்தைச் சுற்றி நின்று சண்டை போடுகிறார்கள். பிணத்தின் இடது பாதம் மெல்ல ஆடுகிறது. முன் வரிசையில் ஒரு பையன், "டேய், கால ஆட்றான்டா" என்று கத்தினான். தியேட்டர் கொல்லென்று சிரித்தது. எழுதிய எந்த வசனத்துக்கும் அந்தச் சிரிப்பு வரவில்லை. மாதேஷின் மகள் சீட்டில் எழுந்து நின்று, அப்பாவைக் கை காட்டிக் காட்டிச் சிரித்தாள். சுமதி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, அடக்க முடியாமல், கண்ணில் நீர் வர வர அவளோடு சேர்ந்து சிரித்தார்.

மாதேஷ் கூச்சத்தோடு என் பக்கம் சாய்ந்து, அந்த இடத்தை மட்டும் வெட்டியிருக்கலாமே சார் என்றார். இருக்கட்டும் மாதேசு என்றேன்.